டிரில்லில் மாட்டும் பாரல் டிரிம்மர்: பித்தளை மின்னியதும் நிறுத்துங்கள்

முதன்முதலாக மரத்தில் கடைந்த பேனாவை நண்பரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் அதை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "நடு வளையத்துக்கும் மரத்துக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுதே" என்றார். பாலிஷ் எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது, மரத்துண்டின் முனைதான் லேசாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வை எடுப்பதற்குத்தான் பாரல் டிரிம்மர்.

கருவி சின்னது. 7 மி.மீ. குழாய்க்குள் இறங்குகிற கம்பி ஒன்று, அதன் நடுவில் ஆலன் ஸ்க்ரூ (அறுகோணக் குழி உள்ள திருகு) போட்டு இறுக்கிய வட்டமான வெட்டும் தலை, அதில் நான்கோ ஆறோ பற்கள். கம்பியின் ஒரு பக்கம் டிரில் சக்கில் (பிட்டைக் கவ்வும் வாயில்) போகும், மறுபக்கம் மரத்துக்குள் ஒட்டிய பித்தளைக் குழாய்க்குள் நுழையும். கம்பி குழாய்க்கு நேராக நிற்பதால் பற்களும் முனையைச் சரியாக 90 டிகிரியில் சீவும். கம்பி குழாய்க்குள் லொடலொடவென்று ஆடினால் வெட்டு கோணலாகத்தான் வரும், ஆகவே பெரிய குழாய்க்கு அதற்கேற்ற ஸ்லீவ் (கம்பிமேல் மாட்டும் உறை) போட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாடுகளில் சுட்ட தோட்டாவின் வெறும் கூட்டை மறுபடி நிரப்புகிறவர்களும் மோட்டாரில் ஓடும் டிரிம்மர் வைத்திருப்பார்கள். திரும்பத் திரும்பச் சுட்டால் பித்தளைக் கூடு நீண்டுவிடும், அதைப் பழைய அளவுக்குக் குறைப்பதற்கு. நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா பக்கமே போக முடியாது என்பது ஒருபுறம் இருக்க, அவர்கள் வேலைக்கும் நம் வேலைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: அவர்கள் பித்தளையை வெட்டுகிறார்கள், நாம் மரத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பித்தளையைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். பெங்களூரில் இருப்பவர்களுக்கு டிரில், வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி), ஆலன் கீ எல்லாம் எஸ்.பி. ரோட்டில் அலைந்தால் கிடைத்துவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரில்லாகப் பார்த்து வாங்குங்கள். மரத்துக்கு நான் சென்னபட்டணம் பொம்மைக்காரர்கள் கடைகிற ஆலே மரத் துண்டுகளை வாங்குகிறேன் (நம்மூர் வெப்பாலைதான்). வெளுப்பான, மிருதுவான மரம், பழகுவதற்கு அருமை.

ஸ்லிம்லைன் கிட் (ஒல்லிப் பேனாவுக்கான உதிரிபாகத் தொகுப்பு) என்றால் இரண்டு குழாய்கள் இருக்கும். மரத்தைக் குழாயைவிட 2, 3 மி.மீ. நீளமாக அறுத்து, 7 மி.மீ. பிட்டால் நடுவில் துளை போடுங்கள். குழாயின் வெளிப்புறத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதன் வாயை ஒரு உருளைக்கிழங்கு வில்லையில் அழுத்தி எடுத்தால் மூடி போட்டது மாதிரி ஆகிவிடும், பசை உள்ளே போகாது. புதியவர்களுக்கு இரண்டு ட்யூப் கலக்கிற எபாக்ஸிதான் நல்லது. உடனே பிடிக்கிற பசையில் பாதிவழியில் குழாய் சிக்கிக்கொண்டால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஒட்டியதை ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள், பிறகு கிழங்கைக் குத்தி எடுத்துவிட்டு உள்ளே ஒட்டியிருக்கும் பசையைச் சுரண்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் கம்பி நேராக இறங்காது, பசையில் மோதிப் பல்லும் மழுங்கும்.

இப்போது மரத்துண்டை வைஸில் பிடியுங்கள், தாடைகளுக்கு நடுவில் பழைய தோல் ஏதாவது வைத்து. கையில் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள். நான் அவசரத்தில் ஒருமுறை அப்படிச் செய்தேன். பல் மரத்தில் மாட்டியதும் துண்டு மொத்தமும் உள்ளங்கைக்குள் சுழன்று தோலை உரித்துவிட்டது. சுழலும் கருவியில் கையுறை மாட்டிக்கொள்ளும், அதனால் அது வேண்டாம், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

முனையில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். கம்பியைக் குழாய்க்குள் நுழைத்து, பல் மரத்தைத் தொடுவதற்கு முன்பே டிரில்லை மெதுவாக ஓடவிடுங்கள், ரிவர்ஸில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பின் டிரில்லின் எடை மட்டும் விழுகிற அளவுக்கு அழுத்துங்கள். பலமாக அழுத்தினால் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும், அக்ரிலிக் என்றால் பெரிய துண்டாகவே தெறிக்கும். மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். கோட்டில் ஒரு பாதி அழிந்து மறுபாதி அப்படியே இருந்தால், அவ்வளவு சாய்வு இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

கடைசிக் கட்டத்தில் காதையும் கண்ணையும் கூர்மையாக வையுங்கள். மரத்தை வெட்டும்போது வருகிற 'கரகர' சத்தம் சட்டென்று மெலிந்து கீச்சிடும். வெளுத்த மரத்தூளில் ஜரிகை மாதிரி ஒன்றிரண்டு பொடி மின்னும். அங்கேயே நிறுத்துங்கள். முனையைப் பார்த்தால் குழாயின் விளிம்பு முழு வட்டமாகப் பளபளக்க வேண்டும். அரைவட்டம்தான் மின்னுகிறது என்றால் இன்னும் ஒரு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். சில கிட்களில் குழாய் ஒரு மி.மீ. குறைந்தாலே ரீஃபில் நுனி உள்ளே போகாமல் சட்டைப்பையில் மை பூசிவிடும்.

பல் மழுங்கியிருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம்: சீவல் வராமல் வெறும் மாவு மாதிரித் தூள் வரும், மரம் சூடாகிக் கருகும். அப்போது தலையைக் கழற்றி, ஒவ்வொரு பல்லின் முகத்தையும் தட்டையான வைரக் கல்லில் ஒரே எண்ணிக்கையில் தேய்த்தால் போதும்.

ஒரு முனை முடிந்ததும் துண்டைத் திருப்பி மறுமுனை. மொத்தம் நான்கு முனைகள். அல்சூரில் என் மாடி வீட்டில் இதை ஞாயிறு மத்தியானம் செய்து கீழ் வீட்டு ஆயாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அதனால் இப்போதெல்லாம் சாயங்காலம் அவர் கோயிலுக்குக் கிளம்பியபிறகுதான் டிரில்லை எடுக்கிறேன். நான்கு முனைக்கு இருபது நிமிடம் தாராளம்.