வசனமா, வசவா? புதிய மட்டுறுத்துநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் பதிவுகளையும் பின்னூட்டங்களையும் மட்டுறுத்தும், அதாவது விதிமீறியவற்றைக் கண்டு நீக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி தருகிறேன். தன்பாலீர்ப்பாளர்களைச் சமயத்தின் பெயரால் கண்டிக்கும் பதிவு முன்னால் வந்து நின்றதும், தொடக்கத்தில் நாங்கள் எல்லாரும் தடுமாறிய அதே இடங்களில் இவர்களும் தடுமாறுகிறார்கள். கொலைமிரட்டலை நீக்க வேண்டும், கெட்ட வார்த்தையை நீக்க வேண்டும் என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன். விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே, நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

வசனத்தை மட்டும் படிப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான்.

ஓர் இளைஞர் தன் துணைவரோடு நிற்கும் படத்தைப் பதிவிட்டிருந்தார். அதன் கீழே ஒருவர் "லேவியராகமம் 20:13" என்று எழுதினார். வேறு ஒரு சொல்லும் இல்லை. புகார் வந்தது. பயிற்சியில் இருந்தவர் "வேத நூலின் வசன எண், விதிமீறல் இல்லை" என்று குறித்து மூடிவிட்டார். ஆணோடு ஆண் உறவுகொண்டால் இருவரும் கொல்லப்பட வேண்டும் என்பது அந்த விவிலிய வசனம். எழுதியவருக்கு அது தெரியும். படத்தில் இருந்தவருக்கும் தெரியும். எண்ணைத் தேடிப் படிக்காதவர் மட்டுறுத்துநர் ஒருவர்தான். புகார் தள்ளுபடியானதைக் கண்டு இன்னும் பலர் அதே எண்ணை ஒட்டினார்கள். சிலர் அந்த இளைஞர் வேலை செய்யும் இடத்தையும் சேர்த்து எழுதினார்கள். மறுபரிசீலனைக்காக என்னிடம் வந்தபோது அந்தக் கணக்கே இல்லை. அவர் அழித்துவிட்டுப் போய்விட்டார்.

அதே எண் ஒரு வேதபாட உரையிலோ, பழைய ஏற்பாட்டுச் சட்டங்களைப் பற்றிய விவாதத்திலோ வந்தால் அதில் கைவைக்கக் கூடாது. யாரை நோக்கி, எந்த இடத்தில், எத்தனை பேர் சேர்ந்து சொல்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. புதியவர்கள் இதை ஏற்கத் தயங்குகிறார்கள். ஒரே வாக்கியத்துக்கு இரண்டு தீர்ப்பா, அது நடுநிலையா என்று கேட்கிறார்கள். நீதிமன்றங்களும் இப்படித்தான் பிரித்துப் பார்த்திருக்கின்றன.

சுவீடனில் நடந்த இரண்டு வழக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓகே கிரீன் என்ற போதகர் 2003இல் தன் சபையில் செய்த பிரசங்கத்தில் தன்பாலீர்ப்பைச் சமூகத்தின் உடலில் உள்ள புற்றுநோய்க் கட்டி என்ற பொருளில் பேசினார். கீழ்நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. பேச்சு மென்மையானது என்பதற்காக அவர் விடுவிக்கப்படவில்லை. பிரசங்க மேடையில் வேதத்தை விளக்கிப் பேசியவரைத் தண்டித்தால், அது ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் சமய, கருத்துச் சுதந்திரங்களுக்கு எதிராகப் போய்விடும் என்பதற்காகவே விடுவிக்கப்பட்டார். அதே நாட்டில் 2004 டிசம்பரில் சிலர் ஒரு பள்ளிக்குள் நுழைந்து மாணவர்களின் பெட்டிகளில் தன்பாலீர்ப்புக்கு எதிரான துண்டறிக்கைகளைப் போட்டார்கள். வன்முறைக்கு அழைப்பு எதுவும் அவற்றில் இல்லை. ஆனாலும் அவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2012 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்தத் தண்டனையில் தவறில்லை என்றது. படிப்பவர்கள் எளிதில் பாதிக்கப்படும் வயதில் உள்ள மாணவர்கள், வேண்டாம் என்று மறுக்க அவர்களுக்கு வழியே இல்லை என்பது காரணங்களில் ஒன்று. சபைக்கு வருபவர் விரும்பி வருகிறார். தன் பெட்டியைத் திறக்கும் மாணவர் எதையும் கேட்டு வாங்கவில்லை. தன் படத்தின் கீழே வரும் பின்னூட்டத்தைப் படிப்பவரும் அந்த மாணவரின் நிலையில்தான் இருக்கிறார்.

இன்னொரு வழக்கு இதற்கு நேரடியாகப் பொருந்தும். லிதுவேனியாவில் இரண்டு இளைஞர்கள் தாங்கள் முத்தமிடும் படத்தை 2014 டிசம்பரில் பேஸ்புக்கில் வெளியிட்டார்கள். நூற்றுக்கணக்கான வெறுப்புப் பின்னூட்டங்கள் குவிந்தன. அதிகாரிகள் விசாரிக்க மறுத்தார்கள். அங்குள்ள நீதிமன்றம் படத்தை வெளியிட்டதையே விசித்திரமான நடத்தை என்று குறைகூறியது. 2020 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம், இது அவர்களின் பாலீர்ப்பை வைத்துக் காட்டப்பட்ட பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. புகாரை ஒற்றை வரியில் மூடும் மட்டுறுத்துநர் அந்த அதிகாரிகள் செய்ததையேதான் சிறிய அளவில் செய்கிறார்.

வசனத்தைக் கண்டதும் நீக்குவதும் இதே சோம்பலின் இன்னொரு முகம். கனடாவின் உச்ச நீதிமன்றம் 2013இல் வாட்காட் என்பவர் தன்பாலீர்ப்புக்கு எதிராக வெளியிட்ட துண்டறிக்கைகள் பற்றிய வழக்கில், சமய நூலை வெறுமனே வாசிப்பதோ வெளியிடுவதோ அபூர்வமான சூழலில் மட்டுமே வெறுப்புப் பேச்சாக மாறும் என்றது. அந்த அபூர்வச் சூழல் இதுதானா என்று கண்டுபிடிப்பதே நம் வேலை. அதற்கு ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் முயற்சியில் 2012இல் உருவான ரபாத் செயல்திட்டம் ஆறு கேள்விகளைத் தருகிறது: சூழல் என்ன, பேசுபவர் யார், நோக்கம் என்ன, சொன்ன பொருளும் விதமும் என்ன, எவ்வளவு பேரைச் சென்றடைகிறது, தீங்கு நேரும் வாய்ப்பு எவ்வளவு. குற்றவியல் தண்டனையின் எல்லையைத் தீர்மானிக்க எழுதப்பட்டவை என்றாலும், நம் மேசைக்கும் இவை உதவும். நான் இவற்றோடு சில வேலைகளைச் சேர்க்கச் சொல்வேன். வசன எண்ணைத் தேடி முழுவதும் படியுங்கள். அது எழுதியவரின் சொந்தப் பக்கத்தில் இருக்கிறதா, இன்னொருவரின் பதிவுக்குப் பதிலாக இருக்கிறதா என்று பாருங்கள். அதே நபர் வேறு படங்களின் கீழும் அதையே ஒட்டியிருக்கிறாரா என்று தேடுங்கள். இதற்குச் சில நிமிடங்கள் போதும். அந்த நிமிடங்களைச் செலவிடாததால்தான் அந்த இளைஞர் தளத்தை விட்டுப் போனார்.

"செயலைத்தானே கண்டித்தார், ஆளை இல்லையே"

இந்த வாதத்தை முழுவதுமாக ஏற்பதும் தவறு, முழுவதுமாகத் தள்ளுவதும் தவறு. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தில் பின்னர் ஒரு பிரிவு சேர்த்தார்கள். பாலியல் நடத்தையை விமர்சிப்பதோ, அதைக் கைவிடும்படி ஒருவரைக் கேட்பதோ தன்னளவில் வெறுப்பைத் தூண்டுவதாகக் கொள்ளப்படாது என்கிறது அது. வாட்காட் வழக்கிலோ, ஒருவரின் அடையாளத்தோடு பிரிக்க முடியாமல் கலந்துவிட்ட நடத்தையைத் தாக்குவது அந்த மக்களையே தாக்குவதாக ஆகலாம் என்று கனடா நீதிமன்றம் சொன்னது. வாட்காட்டின் நான்கு துண்டறிக்கைகளில் இரண்டு தப்பின. தன்பாலீர்ப்பாளர்களைக் குழந்தைகளுக்கு ஆபத்தானவர்களாகக் காட்டிய இரண்டும் தப்பவில்லை.

எனவே "இது பாவம்" என்பதோடு நிற்கிறாரா, "இவர்கள் குழந்தைகளைக் கெடுப்பவர்கள், இவர்களுக்கு வீடு தராதீர்கள், வேலை தராதீர்கள்" என்று போகிறாரா என்று பாருங்கள். பின்னதில் செயல் என்ற போர்வை ஏற்கெனவே விலகிவிட்டது.

சாபத்தைப் பிரார்த்தனை என்று எண்ணுவது

"இறைவன் உன் மனத்தை மாற்றட்டும்" என்பது கேட்பவருக்கு வலிக்கலாம். ஆனால் அது வேண்டுதல். "லூத்தின் மக்கள்மீது பொழிந்த கல்மழை உன்மீதும் பொழியட்டும்" என்பது, அந்த வேதக் கதையில் அவர்கள் அழிந்துபோனதால், ஒருவரின் சாவை விரும்புவது. ஆண்டவனிடம் கேட்டார் என்பதற்காக அதை விடாதீர்கள்.

பாதிக்கப்பட்டவரின் பதிவையே நீக்குவது

தனக்கு வந்த வசவைப் படம் எடுத்து, "என் உறவினர்கள் எனக்கு இதைத்தான் அனுப்புகிறார்கள்" என்று ஒரு பெண் வெளியிடுகிறார். சொற்பட்டியலை வைத்து வேலை செய்யும் வடிகட்டி அதைப் பிடிக்கிறது. மட்டுறுத்துநர் மேலே உள்ள வரியைப் படிக்காமல் உறுதிசெய்கிறார். வசவை அனுப்பியவரின் கணக்குக்கு எந்தச் சேதமும் இல்லை. முறையிட்டவருக்குத் தடை. மேற்கோள் குறிக்கு வெளியே எழுதியவரின் சொந்தக் குரல் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் நீக்கும் பொத்தானைத் தொடாதீர்கள்.

நம்பிக்கையாளர் எல்லாரையும் எதிரியாக எண்ணுவது

கூடாது. தினமும் தொழுகிற, ஜெபிக்கிற, கோயிலுக்குப் போகிற தன்பாலீர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். தங்கள் வேதத்தோடு அவர்கள் வாதிடும் இடத்தையும் சேர்த்து மூடிவிடுவீர்கள்.

சட்டத்தையும் தளத்தின் விதியையும் குழப்புவது

அமெரிக்காவில் வெஸ்ட்போரோ என்ற கிறிஸ்தவ சபையினர் ஒரு படைவீரரின் இறுதிச் சடங்குக்கு அருகே தன்பாலீர்ப்பாளர்களைப் பழிக்கும் பதாகைகளோடு நின்றார்கள். வீரரின் தந்தை தொடுத்த வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சபையின் பக்கம் தீர்ப்பளித்தது. "அங்கேயே அனுமதித்துவிட்டார்களே" என்று இதைக் காட்டி வாதிடுபவர்கள் வருவார்கள். அரசு தண்டிக்க முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பு. தனியார் தளம் அதை வைத்திருந்தே ஆக வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

பழைய விதிப்புத்தகம்

உங்கள் கையில் உள்ள விதிப்புத்தகத்தின் தேதியைப் பாருங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். 1990 மே 17 அன்று உலக சுகாதாரப் பேரவை ஏற்ற புதிய நோய் வகைப்பாட்டில் தன்பாலீர்ப்பு இடம்பெறவில்லை. ஆனால் 2025 ஜனவரியில் பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம், சமய, அரசியல் விவாதங்களைக் காரணம் காட்டி, பாலீர்ப்பை வைத்து ஒருவரை மனநோயாளி என்று சொல்வதை அனுமதிக்கும் வகையில் தன் விதியைத் தளர்த்தியது. எனக்கு அதில் கடும் மனவருத்தம் உண்டு. ஆனாலும் நீங்கள் வேலை செய்யும் தளத்தில் இன்று எது விதியோ அதன்படிதான் முடிவெடுக்க முடியும். விதி தவறு என்றால் அதை எழுதுபவர்களிடம் ஆதாரங்களோடு போராடுங்கள்.

காரணம் சொல்லாமல் நீக்குவது

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு காரணத்தைத் தெரிவிக்கச் சொல்கிறது. சட்டம் சொல்லாத இடத்திலும் சொல்லுங்கள்: எந்த வாக்கியம், எந்த விதி, எங்கே முறையிடலாம்.