ஆட்டின் காதடியில் கட்டியா? தானாக உடைய விடாதீர்கள்

ஆட்டுக்குக் காதடியிலோ, தாடைக்குக் கீழோ, தோள்பட்டைக்கு முன்னாலோ கெட்டியாக ஒரு கட்டி தெரிந்தால் அது நிணநீர்க் கட்டி நோயாக இருக்கலாம். கொரினிபாக்டீரியம் வகைக் கிருமியால் வருவது. பட்டிக்குள்ளேயே உடைந்தால்தான் வம்பு. தயிர்க்கட்டி போன்ற வெளிறிய பச்சைச் சீழ் மண்ணில் விழுந்து, கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சின்னக் கீறல் போதும், அடுத்த ஆட்டுக்குள் போய்விடும்.

உடனே தனியே கட்டுங்கள். கால்நடை மருத்துவரை வைத்துக் கீறி, அயோடின் கரைசலால் கழுவி, புண் ஆறும்வரை மந்தையில் சேர்க்காதீர்கள். சீழ், பஞ்சு எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். கையுறை கட்டாயம், மனிதருக்கும் தொற்றும். ஊசி மட்டும் போட்டால் சரியாகாது. கட்டியின் தடித்த உறைக்குள் மருந்து சரிவரப் போகாது.

அப்புறம், சந்தையில் ஆடு வாங்கும்போது பல்லைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் இந்த இடங்களையும் தடவிப் பாருங்கள்.