பழைய தேக்கை இழைக்க பிளேனர் வாங்கும்போது செய்யும் தவறுகள்

காரைக்குடிப் பக்கம் இடிக்கிற வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்கு நிலைகளையும் உத்திரங்களையும் வாங்கி, தாங்களே மேசை, ஊஞ்சல் பலகை செய்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பிளேனர், அதாவது கையில் பிடித்து மரம் இழைக்கிற கரண்ட் மெஷின், வாங்கும்போது ஆரம்பத்தில் நாங்கள் இடறிய இடங்களிலேயே அவர்களும் இடறுகிறார்கள். கண்ணாடி போடுவது, காதை அடைப்பது எல்லாம் டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிளேடைக் கேட்காமல் மெஷினை வாங்குவது

கடையில் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை வாட்?" அடுத்தது, "ஒரு இழைப்பில் எத்தனை மில்லி எடுக்கும்?" கடைக்காரர் 3 மில்லி என்கிறார், பில் போட்டாகிவிட்டது. 3 மில்லி என்றால் கிட்டத்தட்ட ஒரு நூல். பழைய மரத்தில் யார் அவ்வளவு எடுக்கப்போகிறார்கள்? அரை மில்லி, மிஞ்சினால் ஒன்று. கேட்க வேண்டியது வேறு: இதில் என்ன பிளேடு போகும், அது இந்த ஊரில் கிடைக்குமா?

82 மில்லி அகலம் இழைக்கிற வழக்கமான மெஷின்களுக்கு இரண்டு வகை பிளேடு உண்டு: ஒன்று கார்பைடு என்கிற மிகக் கடினமான உலோகக் கலவை, மற்றது ஸ்டீல். மெல்லிய கார்பைடு பிளேடுக்கு இரு பக்கமும் கூர் இருக்கும், ஒன்று போனால் திருப்பிப் போடலாம். தேக்கில் சிலிக்கா இருப்பதால் ஸ்டீல் சீக்கிரம் மழுங்கிவிடும், கார்பைடு தாங்கும். ஆனால் ஆணியில் பட்டால் கார்பைடு சில்லு தெறித்துவிடும். அப்புறம் இழைக்கிற பலகையெல்லாம் மேடாக ஒரு கோடு விழும். அகலமான ஸ்டீல் பிளேடிலும் பல் விழும்தான், ஆனால் கல்லில் தீட்டிக்கொள்ளலாம்.

பக்கத்துப் பட்டறையில் ஒரு தம்பி, கார்பைடு மட்டுமே ஏற்கிற மலிவு மெஷினை வாங்கி வந்தார். முதல் நிலைக்காலிலேயே தலை ஒடிந்த ஆணி. திருப்பிப் போட்டார். பழைய தாழ்ப்பாள் இருந்த இடத்தில் அடுத்த ஆணி. ஊரெல்லாம் தேடியும் அந்த மெஷினுக்கான பிளேடு இல்லை.

"அண்ணே, அடிபட்ட ஒண்ண மட்டும் மாத்தினா போதாதா?"

போதாது. இரண்டு பிளேடும் பூட்டியிருப்பது நிமிடத்துக்கு 16,000 சுற்றுக்கு மேல் ஓடுகிற உருளையில். இரண்டு பிளேடும் எடையிலும் உயரத்திலும் ஒத்துப்போகாவிட்டால் மெஷின் அதிர ஆரம்பிக்கும். மாற்றினால் ஜோடியாகத்தான். பழைய மரத்துக்கென்று சொல்லிக் கேட்டவரிடம் இந்த மெஷினை எடுத்துக் கொடுத்தார்களே, அதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான்.

இரண்டு வகை பிளேடும் ஏற்கிற மெஷினைத் தேடுங்கள். மேல்தோலை ஸ்டீலில் எடுங்கள். ஆணி எதுவும் மிச்சமில்லை என்று உறுதியானதும் கார்பைடுக்கு மாறுங்கள். பிளேடின் உயரம் வைக்கிற சின்ன அளவுகோல் டப்பாவோடு வரும். அதைக் குப்பையில் போட்டுவிட்டு என்னிடம் கேட்டு வருகிறவர்கள் பலர்.

ஆணி தேட காந்தத்தை மட்டும் நம்புவது

பித்தளை ஆணி காந்தத்தில் ஒட்டாது. கையடக்க மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். மரத்தில் கருப்பாகக் கறை தெரிந்தால் அங்கே இரும்பு இருக்கிறதா என்று உளியால் கிளறிப் பார்த்துவிட்டு இழையுங்கள்.

பழைய பெயிண்டோடு இழைப்பது

வேண்டாம். ஈயம் இருக்கலாம். ரிமூவர் போட்டு, ஈரத்தோடு சுரண்டி எடுங்கள்.

முறுக்கிய பலகையை பிளேனர் நேராக்கும் என்று நினைப்பது

மெஷினின் அடித்தட்டு ஒரு அடி நீளம்கூட வராது. முறுக்கு எப்படிப் போகிறதோ அதன் மேலேயே ஏறி இறங்கும். நேரான இரண்டு சட்டங்களைப் பலகையின் இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். எதிரெதிர் மூலைகள் தூக்கியிருப்பது தெரியும். அந்த மூலைகளை மட்டும் முதலில் இறக்க வேண்டும். கடைசி நேர்ப்படுத்தலுக்கு நீளமான கை இழைப்புளிதான் சரி.

பின்கால் இல்லாத மெஷின்

வாங்காதீர்கள். சுவிட்சை விட்ட பிறகும் உருளை சில விநாடி ஓடும். பின்பக்கம் அந்தச் சின்னக் கால் இருந்தால் பிளேடு தரையைத் தொடாமல் மெஷினைக் கீழே வைக்கலாம்.