ஒட்டுப்போர்வை தைக்க ஊரைக் கூப்பிடுவதற்கு முன்

மலேசியாவின் பேராக்கில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒட்டுப்போர்வை ஒன்றும் புதிதில்லை. பழம்புடவையை நாலாக மடித்து, ஓட்டுத்தையல் போட்டுப் பிள்ளைக்கு விரித்த துணி, தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்ந்த பலருக்கும் நினைவிருக்கும். துண்டுத் துணியில் தைக்கும் போர்வையை மலாய்க்கார அக்காமார் செலிமுட் பெர்ச்சா என்பார்கள். அப்படி இருந்தும், எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து தைக்க நாங்கள் முதல் தடவை அழைத்தபோது ஆறே பேர்தான் வந்தார்கள். ஆறு பேருமே தையல் தெரிந்தவர்கள். யாருக்காகத் தொடங்கினோமோ அந்தத் தோட்டத்து அம்மாக்களில் ஒருவர்கூட இல்லை.

காரணம் எங்கள் அறிவிப்பு. ‘குயில்டிங் பட்டறை’ என்று அழகாக அச்சடித்து ஒட்டியிருந்தோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். “அது படிச்சவங்களுக்குன்னு நெனச்சேன் தங்கச்சி. எனக்கு நேரா ஒரு தையல் போடக்கூட வராதே” என்றார். அன்று முதல் எதை ஏற்பாடு செய்தாலும் அந்த அக்காவை மனத்தில் வைத்துத்தான் செய்கிறோம். கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் அவரை மறந்ததால் நாங்கள் செய்தவை, அல்லது செய்யப் பார்த்தவை.

இப்போது அறிவிப்பில் எழுதுவது இவ்வளவுதான்: “பழைய துணி கொண்டு வாங்க, தலையணை உறை தைக்கலாம். தைக்கத் தெரியாதவர்களும் வரலாம். ஊசி, நூல் இங்கே இருக்கும்.” அதையே மலாயிலும் ஒரு வரி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நாலு வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னால்தான் நாலு பேர் வருவார்கள்.

அடுத்தது நேரம். சனிக்கிழமை காலை 9 மணி நமக்கு வசதியாக இருக்கலாம். ஆனால் குளிர்ந்த நேரத்தில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடியும் என்பதால் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே போய்விடுவார்கள். 9 மணிக்கு அவர்கள் இன்னும் மர நிரையில்தான் இருப்பார்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் காலை ஆகாது. வீட்டுக்கு வந்து குளித்து, சமைத்து, கொஞ்சம் முதுகைச் சாய்த்த பிறகு, ஞாயிறு பிற்பகல் 3 மணி எங்களுக்குச் சரியாக வருகிறது. தேதி குறிக்கும்முன் கோயில் நாட்காட்டியைப் பாருங்கள். தைப்பூசமும் ஆடித் திருவிழாவும் தெரிந்தவைதான். அக்கம்பக்கத்து மலாய்க் குடும்பங்களுக்கு நோன்பு மாதமா என்பதையும் பாருங்கள். அதை நாங்கள் ஒருமுறை மறந்துபோய், நோன்பு இருந்தவர்கள் நடுவில் தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு போனோம். வந்த இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றும் மனசு கேட்கவில்லை.

துணி விஷயத்தில் செய்யும் தவறுகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முன் தையல்கடை அக்காமாருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அவர்களைச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடாதீர்கள். ஆனால் அவர்கள் கடையில் வெட்டுத் துண்டுகள் மூட்டை மூட்டையாகச் சேர்வதும் அப்போதுதான். ஹரி ராயா என்ற நோன்புப் பெருநாளுக்கு முன், மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் தைக்கும் கடைகளிலும் அப்படியே. அந்த நேரத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பண்டிகை முடிந்த பிறகு தைக்கலாம். வாங்கியதை அப்படியே மேசையில் கொட்டுவதுதான் தவறு. ரவிக்கை லைனிங், சாட்டின், பாலியஸ்டர், பருத்தி எல்லாம் கலந்து கிடக்கும். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், பாலியஸ்டர் பெரும்பாலும் சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் துவைத்த பிறகு உறை கோணிக்கொள்ளும். பருத்திக்கு வைக்கும் சூட்டில் பாலியஸ்டரை இஸ்திரி போட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். எது எதுவென்று தெரியவில்லையா? ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, நுனியில் கெட்டியான மணிபோல நிற்கும்.

சாயமும் அப்படித்தான். அரக்கு நிறத் துண்டு ஒன்று வெள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, ஒரே துவைப்பில் முழு உறையும் இளஞ்சிவப்பாகிவிட்ட கதை எங்களிடம் உண்டு. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் விடுவதைத் தனியே எடுத்து வையுங்கள். மற்றதை முன்கூட்டியே அலசி, இஸ்திரி போட்டுவிடுங்கள். இதெல்லாம் வருகிறவர்களின் வேலை இல்லை, அழைப்பவர்களின் வேலை. மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைக்கும் அடுக்குக்குக் குளிர்நாட்டுக்காரர்கள் போடுவதுபோலத் தடித்த பஞ்சு வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். நம் வெயிலுக்குப் பழைய பருத்திப் புடவை ஒரு மடிப்புப் போதும். ஊசியும் சுலபமாக இறங்கும்.

முதல் நாளே பெரிய போர்வை தைக்க ஆசைப்படுவது இன்னொரு தவறு. ஒரே நாளில் முடியாத வேலையை எடுத்தால், அடுத்த வாரம் வர முடியாதவர் கையில் பாதித் துணிதான் மிஞ்சும். நாங்கள் எடுப்பது ஒன்பது சதுரம். ஒவ்வொன்றும் நாலரை அங்குலம். எல்லாப் பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் போக, நாலு அங்குலம் நிற்கும். மூன்றுக்கு மூன்று வைத்தால் 12 அங்குலம். ஒரு பிற்பகலில் மேல்துணி கையில் இருக்கும். அந்தக் கால் அங்குலத்தில் மட்டும் கவனம் தேவை. 12 சதுரம் கொண்ட வரிசையில் ஒவ்வொரு தையலும் அரைக்கால் அங்குலம் கூடுதலாக உள்ளே போனால், ஒட்டும் இரண்டு துண்டிலும் அவ்வளவு குறைவதால், கடைசியில் வரிசை 2¾ அங்குலம் குறைந்துவிடும். மெஷினில் ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒரு டேப் ஒட்டிவிட்டால், அதை ஒட்டியே துணியை ஓட்டலாம். கையால் தைப்பவர்களுக்குப் பென்சில் கோடு போட்டுக் கொடுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமான ஒன்று. அடுத்தவர் தையலைப் பிரித்துத் தைக்காதீர்கள். எங்களோடு ஒரு பாட்டி வந்தார், பல வருஷம் பால்வெட்டுக்குப் போனவர். விரல் மூட்டுகள் வீங்கி, கட்டைவிரல் உள்ளே மடிந்திருக்கும். தையல் ஒன்று நெல் அளவு, அடுத்தது அரிசி அளவு, இடையில் ஒரு வளைவு. நல்ல மனதோடுதான் ஒரு தங்கை அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்து, நேராகத் தைத்துக் கொண்டு வந்தாள். பாட்டி அந்தச் சதுரத்தைக் கையில் வாங்கி, விரலால் தையல்மேல் தடவிப் பார்த்தார். “இது என்னது இல்லையே” என்றார். கோபமே இல்லை. மடித்து மேசையில் வைத்தார். அடுத்த முறை அவர் வரவில்லை. நாங்கள் மூன்று பேர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுத்தான் வந்தார்.

1942இல் சிங்கப்பூர் சாங்கி சிறையில் ஜப்பானியர் அடைத்து வைத்த பெண்கள், எத்தல் முல்வனி என்ற கனடாக்காரர் சொன்ன யோசனைப்படி மூன்று போர்வைகள் தைத்தார்கள். ஆளுக்கு ஆறு அங்குலச் சதுரம் ஒன்று. அதில் தன் பெயரும், தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றும் இருக்க வேண்டும். போர்வைக்கு 66 சதுரங்கள். பிரிந்திருந்த கணவன்மாருக்கு, நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்ற சேதி அதில் போனது. அந்தத் தையலை யாராவது வாங்கி நேராக்கியிருந்தால் வீட்டுக்காரருக்கு மனைவியின் கை எப்படித் தெரிந்திருக்கும்? தையல் பிரிந்துவிடும்போல இருந்தால் பின்பக்கம் ஒரு பழந்துணியை வைத்துத் தாங்கலாம். சதுரங்கள் அளவு ஒத்துவரவில்லை என்றால் சுற்றிலும் ஒரே நிறப் பட்டி வைத்து, பிறகு எல்லாவற்றையும் ஒரே அளவாக நறுக்கலாம். முன்பக்கத் தையல் அவரவருடையதாகவே இருக்கட்டும்.

கண் மங்கியவர்கள் எல்லார் முன்னாலும் ஊசி கோக்கத் திணறுவது பெரிய சங்கடம். இருபது ஊசி முன்பே கோத்துப் பஞ்சுத் திண்டில் குத்தி வையுங்கள். நூல் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம், சிக்கும். சன்னல் ஓர இடம் பெரியவர்களுக்கு. புதிதாக வருபவரை, பேச்சுத் துணையாக இருப்பார் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். சொந்தக்காரர்கள் ஒரே மேசையில் சேர்ந்துகொண்டால் தனியாக வந்தவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நேரத்தைப் போக்கிவிட்டுப் போய்விடுவார். இடம் கோயில் மண்டபமா, பாலாய் ராயா என்ற ஊர்ப் பொது மண்டபமா என்பதில் எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. எல்லா இனத்தாரும் கூச்சமில்லாமல் படியேற முடிகிற இடம் என்று பாலாய் ராயாவையே வைத்துக்கொண்டோம். பலகாரம் சைவமாகவும், ஹலால் கடையில் வாங்கியதாகவும் இருந்தால் யாரும் தட்டைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை.

சேர்ந்து தைத்த பெரிய போர்வை கடைசியில் யாருக்கு என்பதைத் துணி வெட்டும்முன் பேசி முடியுங்கள். ஏலமா, அன்பளிப்பா, கல்யாணப் பெண்ணுக்கா? தைத்து முடித்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் மனக்கசப்பில்தான் முடியும். பெயர்களை எல்லாம் பின்பக்க ஓரத்தில் நூலால் எழுதுங்கள், ஒரே ஒரு சதுரம் தைத்தவர் பெயரையும் சேர்த்து.

கலையும்போது ஊசிகளை எண்ணுங்கள். இருபது கொடுத்தால் இருபதும் திரும்பி வர வேண்டும். குறைந்தால் ஒரு காந்தத்தை நூலில் கட்டி மேசைக்கடியில், நாற்காலிக்கால் ஓரமெல்லாம் இழுத்துப் பாருங்கள். மறுநாள் காலை அதே தரையில் சின்னப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள்.