ஜப்பானிய வானிலைச் சொற்கள்: தேதி தெரியாமல் படித்தால் வரும் வினை

சென்ற டிசம்பரில் என் சனிக்கிழமை வகுப்பு மாணவி ஒருத்தி, சென்னையைப் பற்றி ஜப்பானியத்தில் பத்து வரி எழுதி வந்தாள். நாலாவது வரி: 'மார்கழியில் எங்கள் ஊரில் யுகி பெய்யும்.' யுகி என்றால் ஜப்பானின் வடகோடியான ஹொக்கைதொவில் வீட்டுக் கூரைமேல் குவிந்து, ஏறி நின்று மண்வெட்டியால் தள்ள வேண்டியிருக்குமே, அந்த வெண்பனி. மயிலாப்பூர் மாடவீதியில் அதை நினைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. ஒசாகாவுக்கு வேலைக்குப் போகும் முன் நானும் என் நோட்டில் இதையேதான் எழுதி வைத்திருந்தேன்.

ஹரு, நத்சு, அகி, ஃபுயு என்ற நான்கு பருவங்களை மாற்றிச் சொல்வது போன்ற தவறுகளைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அவை இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். சரியாகாமல் உள்ளேயே தங்கிவிடும் சிலவற்றைத்தான் சொல்கிறேன்.

எல்லாப் பனியும் யுகி இல்லை

தமிழில் பனி என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவோ அடங்கும். புல் நுனியில் நிற்கும் துளி, விடிகாலையில் எதிரே வரும் பஸ்ஸை மறைப்பது, ஊட்டியில் ஜனவரிப் புல்வெளியை வெளுக்க வைப்பது, இமயமலையில் கிடப்பது எல்லாமே நமக்குப் பனிதான். ஜப்பானியத்தில் இவை முறையே த்சுயு, கிரி, ஷிமொ, யுகி. மூடுபனியிலும் பிரிவு உண்டு. 1 கிலோமீட்டருக்கு அப்பால் கண் தெரியாவிட்டால் கிரி. அதற்கு மேல் 10 கிலோமீட்டருக்குள் தெரிந்தால் மொயா. இது ஜப்பான் வானிலை முகமையின் கணக்கு. கசுமி என்று இன்னொன்று இருக்கிறது. வசந்தத்தில் மலையடிவாரத்தில் மெல்லப் படர்ந்து நிற்பது அது. கவிதைக்காரர்களின் சொல், வானிலை அறிக்கையில் வராது.

மார்கழிச் சென்னைக்கு கிரி போதும், அல்லது மொயா.

ஆங்கிலத்தின் வழியாகக் குளிராதீர்கள்

கையில் இருக்கும் ஜூஸை 'சமுய்' என்று சொல்லாத மாணவரை நான் பார்த்ததில்லை. சமுய் என்பது உடம்பு முழுக்க உணரும் குளிர். தொட்டால் தெரிவது த்சுமெதாய். இது நமக்குக் குழம்பவே கூடாத இடம். 'குளிருது' என்பதற்கும் 'ஜில்லுனு இருக்கு' என்பதற்கும் உள்ள அதே வேறுபாடுதான். 'எனக்கு ஜில்லுனு இருக்கு, போர்வை கொடு' என்று நம் வீட்டில் யாராவது சொல்வார்களா? ஆனால் புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே பொருள் எழுதி வைத்துக்கொள்கிறோம். கையில் இருந்த நல்ல சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பூட்டை உடைக்கிற வேலை.

முஷிஅத்சுய் என்ற சொல்லும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அதை விளக்கக் கால்வரி தேவைப்படும். நமக்குப் 'புழுக்கம்' என்றால் தீர்ந்தது.

அத்சுய் மட்டும் கொஞ்சம் கவனம். வெயிலின் சூடும் டீயின் சூடும் ஒலியில் ஒன்றே, எழுத்து வேறு. மேலே சூரியக் குறி இருந்தால் வானிலை. கீழே நெருப்பைக் குறிக்கும் நான்கு புள்ளி இருந்தால் டீ.

இச்சிஜி என்றால் ஒரு மணி இல்லை

ஒசாகா போன முதல் மாதம். தொலைக்காட்சியில் 'குமொரி இச்சிஜி அமெ' என்று வந்தது. குமொரி மேகமூட்டம், அமெ மழை, இச்சிஜி ஒரு மணி. அடடா, மழை வரும் நேரத்தைக்கூடச் சொல்லிவிடுகிறார்களே என்று வியந்து, பன்னிரண்டரைக்கு எடுத்துவிடலாம் என்ற கணக்கில் துணிகளை பால்கனியில் காயப்போட்டேன். பத்தரைக்குக் கொட்டியது.

எழுத்தும் ஒலியும் ஒன்றாகவே இருந்தாலும், முன்னறிவிப்பில் இச்சிஜி என்றால் 'இடையில் கொஞ்ச நேரம்'. அதுவும் குத்துமதிப்பு இல்லை. தொடர்ச்சியாகப் பெய்து, அறிவிப்புக் காலத்தில் கால் பங்குக்கும் குறைவாக நின்றுவிட வேண்டும். விட்டுவிட்டுப் பெய்து, மொத்தம் பாதிக்கும் குறைவென்றால் தொகிதொகி. ஒன்று போய் இன்னொன்று வரும் என்றால் நொச்சி. வேலியோர நொச்சியை நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

மழை வாய்ப்பு நூறு சதவீதம் என்று பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 1 மில்லிமீட்டராவது பெய்யும் என்பதற்கான வாய்ப்பு அது. எவ்வளவு பலமாகப் பெய்யும் என்று அந்த எண் சொல்வதே இல்லை.

ஆகஸ்ட் 7

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

2018 கோடை. ஜூலை 23 அன்று குமகயா நகரில் 41.1 டிகிரி பதிவாகி, அதுவரை நாடு காணாத வெயில் என்று பேசிக்கொண்ட வருடம். அலுவலகத்தில் வாடிக்கையாளர்களுக்குக் கோடை நலம் விசாரிக்கும் அஞ்சலட்டைகளை எழுதும் வேலையை மேலாளர் என்னிடம் கொடுத்தார். வெளிநாட்டுக்காரனை நம்பிக் கொடுத்திருக்கிறாரே என்ற பூரிப்பில், 80 முகவரியையும் தூரிகைப் பேனாவால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து எழுதினேன். 'ஷொச்சூ ஒமிமாய் மோஷிஅகெமஸு' என்று வாசகம். அட்டை ஒன்று 62 யென், ஆக 4,960 யென். எழுத்து அழகாக வர வேண்டுமென்று நாளைக் கடத்தி, ஆகஸ்ட் 9 அன்று பெட்டியில் போட்டேன். வெளியே தார் இளகும் வெயில்.

பதில்கள் வரத் தொடங்கின. எல்லாவற்றிலும் 'ஸன்ஷொ ஒமிமாய்' என்று பெரிய எழுத்து. யாரும் என் தவறைச் சுட்டவில்லை. சரியான சொல்லைத் தாங்கள் எழுதி அனுப்பினார்கள், அவ்வளவுதான். மேலாளர் அவற்றில் மூன்றை என் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். அடுத்த வருடம் அந்த வேலை எனக்கு வரவில்லை.

நடந்தது இதுதான். அந்த வருடம் ரிஷ்ஷூ ஆகஸ்ட் 7. சூரியப் பாதையை இருபத்து நான்காகப் பிரிக்கும் பழைய சீன முறையில் இலையுதிர்காலம் தொடங்கும் நாள் அது. சில வருடங்களில் 8ஆம் தேதி வரும். அதற்கு முந்தைய நாள்வரை ஷொச்சூ, அதாவது வெயிலின் நடு. ரிஷ்ஷூவிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை ஸன்ஷொ, மிச்சமிருக்கும் வெயில். வெயில் துளியும் குறையாவிட்டாலும் சொல் மாறியே தீரும். ஆடி பிறந்துவிட்டால் கத்திரியைப் போல அனல் அடித்தாலும் அதை யாரும் கத்திரி என்று சொல்லமாட்டார்களே, அதுபோல.

என் சொல்பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பொருள் போட்டிருந்தது: 'கோடை வாழ்த்து'. மாணவர்கள் கொண்டுவரும் பட்டியல்களிலும் இன்னும் அப்படியே இருக்கிறது. கண்ணில் படும்போதெல்லாம் சிவப்பு மையால் தேதி எழுதிக் கொடுக்கிறேன்.

பருவச் சொற்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று வெப்பமானி பார்ப்பவை. 25 டிகிரியைத் தொட்டால் நத்சுபி, 30 என்றால் மனத்சுபி, 35 என்றால் மோஷொபி. செப்டம்பரில் 35 அடித்தாலும் அது மோஷொபிதான். இன்னொன்று நாள்காட்டி பார்ப்பவை. வெயில், குளிர் எதுவும் அவற்றை அசைக்காது. ஹரு இச்சிபன், அதாவது வசந்தத்தின் முதல் பலத்த தென்காற்று, இரண்டையும் பார்க்கும். அதே பழைய முறையில் வசந்தம் தொடங்கும் பிப்ரவரி தொடக்கத்து ரிஷ்ஷுனுக்கும், பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளுக்கும் இடையில் வீசினால்தான் தோக்கியோவைச் சுற்றியுள்ள கந்தோ பகுதியில் அந்தப் பெயர். ஒரு நாள் முந்தி வீசினால் வெறும் காற்று. 2021இல் ரிஷ்ஷுன் வழக்கத்துக்கு மாறாகப் பிப்ரவரி 3ஆம் தேதியே வந்தது. மறுநாள் காற்றும் வீசி, பதிவிலேயே மிக முந்திய ஹரு இச்சிபன் ஆனது.

இதே குழியில் விழ வைக்கும் இன்னொரு சொல் கொஹருபியொரி. 'சின்ன வசந்தம்' என்று பிரித்துப் பார்த்துவிட்டு, பிப்ரவரி இறுதியில் இதமான ஒரு நாளில் மின்னஞ்சலில் எழுதிவிடுவார்கள். அது நவம்பர், டிசம்பர் தொடக்கத்துச் சொல். குளிர் இறங்கத் தொடங்கியபின் நடுவில் வந்துபோகும் ஒரு வெதுவெதுப்பான நாள். சத்சுகிபரெ இன்னும் மோசம். பழைய ஐந்தாம் மாதம் இன்றைய ஜூனை ஒட்டி வந்ததால், முதலில் அது மழைக்காலத்துக்கு நடுவே வெளுக்கும் வானம். இன்று பெரும்பாலோர் மே மாதத் தெளிந்த வானத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். யார் எழுதியது, எப்போது எழுதியது என்று பார்க்காமல் மொழிபெயர்க்க முடியாது.

இடையில் ஒன்று. ஷொச்சூவில் ஒகரம் குறில். ஷோச்சூ என்று நீட்டினால் சாராயம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள், நமக்குக் கவலையில்லை.

அமெ: மழையா, மிட்டாயா

இரண்டும் அமெதான், குரலின் ஏற்ற இறக்கம்தான் வேறு. அதுவும் தோக்கியோவில் ஒரு விதம், ஒசாகாவில் இன்னொரு விதம். சூழல் சொல்லிவிடும், விடுங்கள்.

மழைக்கு நூறு பெயர்

வேண்டாம். சிறுமழைக்கு கொசமெ, மாலையில் திடீரெனக் கொட்டுவதற்கு யூதச்சி, பெருமழைக்கு ஓஅமெ, மழைக்காலத்துக்கு த்சுயு போதும். (பனித்துளியும் த்சுயுதான், நூடுல்ஸ் சாறும் த்சுயுதான்.) மிச்சத்தைக் கவிதை படிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஹொக்கைதொ நண்பரிடம் த்சுயு எப்படி என்று கேட்பது

அங்கே மழைக்காலம் அறிவிப்பதே இல்லை.

தைஃபூவுக்குப் பெயர் தேடுவது

தைஃபூ என்றால் புயல். செய்தியில் அதற்கு எண்தான் வரும். பதினைந்தாம் எண் என்றால் அந்த வருடத்தின் பதினைந்தாவது புயல்.