வெட்டுப்புள்ளிக்கு முன் பாடத் தகைமை

பொறியியலையும் கணினி விஞ்ஞானத்தையும் ஒப்பிடும் உயர்தர மாணவர்களே, முதலில் வெட்டுப்புள்ளியை, அதாவது ஒரு கற்கைநெறிக்கு அனுமதி கிடைத்த மிகக் குறைந்த இசட் புள்ளியை (உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திய புள்ளி), தேடாதீர்கள். இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் பாடத் தகைமைப் பகுதியைப் பார்த்து, உங்கள் பாடங்களுக்குப் பொருந்தாத கற்கைநெறிகளை அடித்துவிடுங்கள். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமோ மொரட்டுவைப் பல்கலைக்கழகமோ, பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொழினுட்பம் எடுத்தவர்கள் அதற்கு விண்ணப்பிக்க முடியாது; கணினி விஞ்ஞானத்துக்கு வழி உண்டு.

அப்புறம் மிஞ்சியவற்றுக்கு மட்டும், நம் மாவட்டமான மட்டக்களப்பு அல்லது அம்பாறை நிரலில் சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியைப் பாருங்கள். பெரும்பாலான கற்கைநெறிகளில் 55 சதவீத இடங்கள் மாவட்ட அடிப்படையில் போவதால், கொழும்பின் புள்ளி நமக்கு உதவாது. பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீதத்திலும் இவ்விரு மாவட்டங்களும் இருக்கின்றன.

உளச்சார்புப் பரீட்சை கேட்கும் கற்கைநெறிகளுக்கு இந்த முறை மட்டும் போதாது. தனியார் பட்டங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.