நீலகிரி வீட்டுப் பழைய படங்கள்: சட்டத்திலிருந்து எடுப்பதும் ஆண்டு கணிப்பதும்

மலைவீட்டுச் சுவரில் தொங்கும் படத்துக்கு முதல் எதிரி ஈரம். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், ஊட்டியிலும், ஐப்பசி கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரியிலும் சட்டத்தைத் திறக்காதீர்கள். தை முதல் பங்குனிக்குள், காய்ந்த நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

முதலில் படத்தைச் சட்டத்தோடு போனில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பருத்தித் துணிமேல் கவிழ்த்து, குறட்டால் ஆணிகளைப் பிடுங்கிப் பின்னட்டையை எடுங்கள். உள்ளே நாளிதழ் மடித்து வைத்திருந்தால் எறியாதீர்கள். அந்தத் தேதிக்கு முன்னால் சட்டம் போட்டிருக்க முடியாது. படம் அதற்கும் பல வருடம் முந்தியதாக இருக்கலாம்.

கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். நனைந்ததுபோல் கருத்துத் தெரியும் இடங்களில் படத்தின் ஜெலட்டின் பூச்சு கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. அங்கே இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். தண்ணீரும் ஆவியும் சேதத்தைக் கூட்டும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் வையுங்கள், பிறகும் பிரிக்காமலே பாதுகாத்து வையுங்கள். பூஞ்சணம் இருந்தால் நிழலில் உலரவிட்டு, முகமூடி போட்டு, வெளியே வைத்து மென்தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணி பட்டால் பூச்சு ஊறிப் படமே கலைந்துவிடும். அடுப்பருகிலோ வெயிலிலோ காயவைத்தால் சுருண்டு வெடிக்கும்.

ஸ்கேன் நுணுக்கம் அஞ்சலட்டை அளவுக்கு 600 டிபிஐ, தீப்பெட்டி அளவுப் படங்களுக்கு 1200, டிஃப் (TIFF) கோப்பாக. பின்புறத்தையும் தவறாமல் ஸ்கேன் செய்யுங்கள், ஏனென்றால் ஆண்டு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். ஸ்டூடியோ முத்திரையில் ஆறிலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்றிருந்தால் முத்திரை 1969-க்கு முன் செய்தது. பழைய முத்திரையைப் பிறகும் சில காலம் குத்தியிருக்கலாம். பின்னால் ஒட்டிய அஞ்சல்தலை அணாவில் இருந்தால் 1957-க்கு முன் அச்சானது, நயா பைசா என்றால் அதற்குப் பின். படத்தின் முன்புறமும் பேசும்: குன்னூருக்கு ரயில் வந்தது 1899-இல், ஊட்டிக்கு 1908-இல்; அங்கே ரயில் தெரிந்தால் படம் அதற்கு முந்தியதல்ல.

தேயிலைத் தோட்டப் படங்களில் அவசரம் வேண்டாம். 1964 இந்திய-இலங்கை (சிறிமா–சாஸ்திரி) ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் நிறைய உண்டு. அவர்கள் வீட்டுப் படத்தில் தெரிவது ஹட்டன், கண்டி மலையாக இருக்கலாம். கொழுந்துக் கூடையை மட்டும் வைத்து ஊரை முடிவு செய்யாதீர்கள். எங்கே எடுத்தது என்று வீட்டாரிடம் கேளுங்கள்.

பெயர்களை முன்வரிசையிலிருந்து, இடமிருந்து வலமாகக் கேட்டெழுதுங்கள். இரண்டு பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேட்பது முக்கியம். சேர்த்து உட்காரவைத்தால் மூத்தவர் சொன்னதே நின்றுவிடும். படகர் படமானால் ஹட்டியின் (அவர்கள் ஊரின்) பெயர் கட்டாயம் வேண்டும். தோடர், கோத்தர் சடங்குப் படங்களையும் சாவுப் படங்களையும், அந்த மந்து (தோடர் ஊர்) அல்லது கோக்கால் (கோத்தர் ஊர்) பெரியவர்கள் சம்மதம் தராமல் யாருக்கும் காட்டாதீர்கள். இந்த மக்களைக் கேட்காமலே எடுத்த படங்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

படத்தின் முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் தடம் முன்பக்கம் புடைக்கும். மென்மையான 2பி பென்சிலால் ஓரத்தில் எண் மட்டும் போட்டு, விவரத்தை நோட்டில் எழுதுங்கள். அமிலமற்ற காகித உறையிலிட்டு, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். ஜெல்லின் நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்தி, ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். மழை மாதங்களில் வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.